கிளட்ச் இல்லாத கார்

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியபோது என் இடது பாதம் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. பட்டை கட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடக்கலாம். கிளட்ச் மிதிக்க முடியாது. டாக்டர் மற்றதையெல்லாம் சொன்னபோது தலையாட்டிக்கொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன்.

எங்களிடம் ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, துணிக்கூரை. செங்கம் ரோட்டில் வாடகைக்கு இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது துருப்பிடித்த கூடாக எங்களுக்கு விற்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் லாட்ஜின் பின்கொட்டகையில், நானும் என் கணவரும் வருஷக்கணக்காக அதைப் பிரித்துப் பூட்டினோம். ஓடத் தொடங்கிய பிறகு அதிகம் ஓட்டியது நான்தான். விடியற்காலையில் சாத்தனூர் அணை வரைக்கும் தனியாகப் போய்வருவேன்.

"காரை ஆட்டோமேட்டிக்கா மாத்திடலாம்ங்க" என்றேன், ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது.

இட்லியிலிருந்து கையை எடுத்தார். "உனக்கென்ன பைத்தியமா? அந்த கியர்பாக்ஸ்தான் அந்த வண்டியே. அதை எடுத்துட்டா அது ஸ்கூட்டி."

"என் கால் வேலை செய்யல."

"அதான் நான் இருக்கேன்ல? நான் ஓட்டுறேன். நீ பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாத்துட்டு வா."

அவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மதியமே வேங்கிக்கால் தாண்டி ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன்.

"பண்ணலாம்க்கா. ஆனா ஆட்டோமேட்டிக் பாக்ஸ் அகலம் ஜாஸ்தி. நடுவுல தரையை வெட்டித்தான் உக்கார வைக்கணும். வெட்டுனா வெட்டுனதுதான். சார் ஒத்துக்கிட்டாரா?"

"வண்டி என் பேர்ல இருக்கு தம்பி."

உண்மைதான். ஏதோ வரி வசதிக்காக என் கணவரே அதை என் பெயரில் பதிந்திருந்தார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதிக்கு அந்தக் காலோடு நானே அலைந்தேன். சென்னையில் பழைய கார்கள் உடைக்கும் கடையிலிருந்து மெக்கானிக் ஒரு பாக்ஸ் கொண்டுவந்தார்.

தரையை வெட்டும் நாளில் யார் சொல்லியோ என் கணவர் ஷெட்டுக்கு வந்துவிட்டார். வெட்டும் மெஷினுக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றார்.

"கை வெச்சா நடக்கறதே வேற."

மெக்கானிக் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க வெட்டுங்க தம்பி" என்றேன்.

"உன் காலு போச்சுனு வண்டியோட காலையும் உடைக்கிறியா?" என்றார் என் கணவர், ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த வார்த்தையை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரே விலகினார். தீப்பொறி பறந்தது.

வேலை முடியும்வரை அவர் என்னோடு பேசவில்லை. லாட்ஜில் ஒரே மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மேடத்துகிட்ட சொல்லு" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சொல்லியனுப்புவார். நானும் சளைத்தவள் இல்லை. அவருக்கு ஆகாத பாகற்காயை அடிக்கடி சமைத்தேன்.

கார் வந்தது. கிளட்ச் இருந்த இடம் காலி. பிரேக் மிதி மட்டும் அகலமாக, இரண்டு கால் வைக்கலாம் போல இருந்தது. முதல் நாள் ஓட்டியபோது கொஞ்சம் மந்தமாகத்தான் இழுத்தது. மேட்டில் மூன்றாவது கியருக்கு இறக்கும்போது எஞ்சின் போடும் சத்தத்துக்கு நானும் ஏங்கினேன். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே சாவியை எடுத்தார். "என்ன கருமம் பண்ணி வெச்சிருக்கேனு பாக்கறேன்." நானும் ஏறிக்கொண்டேன்.

"இடது காலை மடக்கி வெச்சுக்குங்க. அதால எதையும் மிதிக்காதீங்க."

"எனக்குக் கத்துக்குடுக்காத."

செங்கம் ரோட்டில் இருக்கும் ஆசிரமத்தை நெருங்கும்போது, எங்களுக்கு முன்னால் போன பஸ் வேகத்தைக் குறைத்தது. பழக்கதோஷத்தில் அவர் கியர் மாற்ற நினைத்து, இடது காலால் கிளட்சை மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். முழு பலத்தோடு மிதித்ததில் கார் நடுரோட்டில் அறைந்தாற்போல் நின்றது. என் தலை கண்ணாடியில் இடித்தது. பின்னால் வந்த ஆட்டோ எங்கள் பம்பரை உரசிக்கொண்டு நின்றது.

"யோவ்! ஓட்டத் தெரியலனா எதுக்குய்யா எடுக்கற?" என்று கத்தினார் ஆட்டோக்காரர். எதிர்க்கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "என்னைக் கொல்லத்தான் இதைப் பண்ணியிருக்க."

"மிதிச்சது யாரு?"

இறங்கிக் கதவை அறைந்தார். நானும் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு சுற்றிவந்து ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தேன். நெற்றி விண்விண் என்று தெறித்தது.

"ஏறுறீங்களா, இல்லையா?"

அவர் போய், தன்னைத் திட்டிய அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டார். ஆட்டோ ஊருக்குள் திரும்பியது. நான் திரும்பாமல் செங்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டு போனேன்.

பழைய கியர்பாக்ஸை என் கணவர் மெக்கானிக்கிடமிருந்து வாங்கிவந்து, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி லாட்ஜ் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கிறார். "நீ போனதுக்கு அப்புறம் மறுபடி மாத்திடுவேன்" என்று பேச்சு வரும்போதெல்லாம் சொல்வார். "யார் முதல்ல போறாங்கனு பாக்கலாம்" என்பேன். இப்போது பேசுகிறோம், ஒன்றாகச் சாப்பிடுகிறோம். உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவர் பைக்கில் வருகிறார், நான் காரில் போகிறேன். பெரும்பாலும் நான்தான் முன்னால் போய்ச் சேர்கிறேன்.