முகம் தெரியாத படம்

ஸைனுலாப்தீன் ஹாஜியாருக்குத் திருகோணமலையில் ஐஸ் கம்பெனி, ஆழ்கடல் வள்ளங்கள் என்று அல்லாஹ் அள்ளிக் கொடுத்திருந்தான். அவரும் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். மிஞ்சியதற்குப் படம் வாங்கினார். மனிதருக்கு அப்படியொரு ஓவியப் பைத்தியம்! வள்ளத்துக்கு இஞ்சின் வாங்கக் கொழும்புக்குப் போனவர் ஓவியத்தோடு வந்து இறங்கிய கதையைச் சொல்லி வேலையாட்கள் இன்னும் சிரிப்பார்கள்.

ஆனால் கிண்ணியா வீட்டுக்குள் அவருடைய பருப்பு வேகவில்லை. உருவப்படம் தொங்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் இறங்கி வரமாட்டார்கள் என்று மனைவி றம்ஸியா ஒரே பிடியாக நின்றாள். கடலும் பனையும் வீட்டுச் சுவருக்கு. முகமுள்ளதெல்லாம் கம்பெனி மேல்மாடிக்கு. அந்தப் படிகளில் அவள் கால் வைத்ததே இல்லை.

இப்போது மேல்மாடியைப் படங்களோடு ஓவியக்கூடமாக ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். திறப்பு விழாவும் வந்துவிட்டது. நடுச்சுவருக்கு அவர் ஆசைப்பட்ட படத்தில்தான் சிக்கல். அதைக் கீறிய ஓவியக்காரி சம்பூர் நிருசா; அவளை ஓவியம் படிக்க வைத்தவர் ஹாஜியார். வந்தவரைச் சோறு தின்னாமல் அனுப்பாத வீடு ஹாஜியாருடையது. நன்றி சொல்லப் போன அன்று குசினியில் கண்டதை, வீட்டு வழக்கம் தெரிந்து, முகம் காட்டாமல் கீறியிருந்தாள். பெரிய சட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கும் றம்ஸியாவின் முதுகு. பார்த்ததும் மனிதர் உருகிப்போனார். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. றம்ஸியாவைக் கேட்காமல் ஊருக்குக் காட்ட மனம் ஒப்பவில்லை. அவள் வேண்டாமென்றால் நடுச்சுவர் வெறுஞ்சுவர்தான்.

விழாவுக்கு முதல்நாள் கெஞ்சிக் கூத்தாடி அவளைக் கூட்டி வந்தார். றம்ஸியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வேறெதையும் பாராமல், நேரே நடுச்சுவரில் தொங்கிய அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். முகம் இல்லைதானே, குற்றமில்லைதானே என்று ஹாஜியார் ஏதோ உளறினார்.

“முகம் இல்லாட்டி என்ன? இந்த முதுகக் கண்டா கிண்ணியாவே சொல்லும், இது ஆரெண்டு.”

முடிந்தது கதை என்று நினைத்த ஹாஜியார், படத்தைக் கழற்றக் கையை உயர்த்தினார்.

“விடுங்க. ஹாஜியார்ட வீட்டுல சாப்பிட்டம் எண்டுதான் சனம் சொல்றது. ஆக்கினவ ஆரெண்டும் ஒருக்காத் தெரியட்டும்.”

ஹாஜியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, நாளைக்கு வருகிறவர்களுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்ற கதையை எடுத்தார்.

“கடையில சொல்லுங்க,” என்றாள் றம்ஸியா. “நாளைக்கு எனக்குச் சமைக்க ஏலா. நானும் படம் பாக்க வாறன்.”