மிளகாய்க்குப் பின்னால் அரைத்த கம்பு

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா சொல்லிவிட்டார். ராஜபாளையத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்போ ஞாயித்துக்கெழமத் தோச?"

எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம். மைதாவில் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கரைத்து, நெய் விட்டுச் சுடுகிற தோசை. பஞ்சாலையில் அவருக்கு வாரம் ஆறு நாள் ஷிப்ட். அந்த ஒரு காலையில்தான் அவரும் நானும் மகளும் சேர்ந்து உட்காருவோம். டாக்டரம்மாவோ மைதாவும் சீனியும் ஆகவே ஆகாது, கம்பு, கேழ்வரகு சாப்பிடுங்கள் என்றார்.

"கம்பா? சேத்தூர்ல சின்ன வயசுல மூணு வேளையும் கம்பங்கூழுதான். இனி அது மூஞ்சியிலயே முழிக்கக் கூடாதுன்னுதான் மில்லு வேலைக்கு வந்தேன்."

அவருடைய அப்பாவுக்கு இதே வியாதியில் ஒரு காலை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த நினைப்பு என் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

சனிக்கிழமை கம்பையும் கொஞ்சம் உளுந்தையும் வறுத்து எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன். அங்கே ஒரே மிஷின்தான். மிளகாய் அரைத்த பிறகு அடுத்து விழும் மாவில் காரம் ஏறிவிடும். அதனால் மிளகாய் அரைபட்டு முடிகிற நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிடுவார்கள்.

"நீங்க முன்னால போங்கக்கா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் முன்னால் நின்றவள்.

அவளுக்கு முன்னால் நின்றவளும் விலகிக்கொண்டாள். எதற்கென்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு அப்போதெல்லாம் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தூக்குவாளியை நீட்டிவிட்டேன். மாவு செவசெவவென்று வந்தது. வீடு வரைக்கும் தும்மிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் வேறு வழியில்லை. அந்த மாவையே புளித்த மோரில் கரைத்து, சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் அள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுச் சுட்டேன். மகள் முதல் வாயிலேயே தண்ணீருக்கு ஓடினாள்.

"ஆத்தி! ஒறைக்குதும்மா!"

அவர் அதுவரை தட்டைத் தொடவில்லை. மகள் கத்தியதும் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"ஏட்டி, இது கம்புதானா?"

"ஆமாங்க."

"இன்னொண்ணு ஊத்து."

ஐந்து தோசை சாப்பிட்டார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாவு மில் திறந்ததும் முதல் ஆளாகப் போய்ச் சுத்தமாக அரைத்து வந்தேன். காரத்துக்கு மிளகாய்ப்பொடியை நானே கலந்தேன். ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"போன வாரம் மாதிரி இல்லையே. இதுக்கு மைதாவே தேவல."

சூட்டோடு சூடாக மாவுக்குள் ஏறுகிற அந்த வாசம் கைப்பொடியில் வரவில்லை. மைதா மறுபடி வீட்டுக்குள் வந்துவிடுமே என்று எனக்குப் பயம்.

அடுத்த சனிக்கிழமை மாவு மில்லில் ஒரு மிளகாய் டின்னுக்குப் பின்னால் போய் நின்றேன். மிஷின்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "செத்த நேரம் உக்காருங்கக்கா, இது மொளகா" என்றார்.

"பரவால்ல, அதுக்குப் பொறவு என்னுதப் போடுங்க" என்றேன். மிஷின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"மொளகாய்க்குப் பொறவுதான் எனக்கு வேணும்!"

கூட்டம் முழுக்கத் திரும்பியது.

"என்னக்கா, அண்ணன் மேல அம்புட்டுக் கோவமா?" என்றார் மிஷின்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் செத்தேன். ஆனால் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு வாராவாரம் அப்படித்தான். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா கேட்பதற்கு முன்னாலேயே, "வீட்ல கம்புத் தோச, அதான்" என்றார் அவர், ஏதோ தானே சுட்ட மாதிரி.

ஒரு சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று அவரே மாவு மில்லுக்குப் போனார். போனவர் மத்தியானம்தான் வந்தார். கண் இரண்டும் சிவந்து, தும்மல் மேல் தும்மல். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்து, போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஏட்டி, மொளகா வார வரைக்கும் உக்காருங்கண்ணேன்னு என்னய உக்கார வச்சுட்டான் மிஷின்காரன்" என்றார். "மொளகாக்காரப் பொம்பளைக எல்லாம் ஒன்னயத்தான் தேடுதாக. நீ அடுத்தாப்புல நின்னாத்தான் பின்னால நிக்கிறவுககிட்ட அவுகளுக்கு ஏச்சு இல்லையாம்."

நான் போர்வைக்குள்ளிருந்தே கேட்டேன். "நாளைக்கு எத்தன தோச?"

இன்னொரு தும்மல் போட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"நீ படுத்திரு. நாளைக்கு நான் ஊத்துதேன்."