மூடியைக் கழற்றிப் பார்க்கிற முனவ்வறா

எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் முனவ்வறா அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, அந்தப் பக்கத்துக்குள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விரித்துவிடுவாள். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கொட்டும். முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்தபடி மேலிருந்து கீழே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்: "குப்பை. சமைச்ச சட்டியக் கழுவாமலே போயிட்டான்." பக்கத்துக் கதிரையில் மின்னஞ்சல் பார்க்க வந்திருப்பவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று எழும்பிவிடுவார்.

வவுனியாவில் என் கடையின் மேல்மாடியில் நான்கு கணினிகள் போட்டிருக்கிறேன். கீழே தண்ணீர்ப் பம்பும் உழவு இயந்திர உதிரிப்பாகங்களும். தலைமைக் கடை மாங்குளம் சந்தியில். நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். நாலு ஸ்பானரோடும் ஒரு எண்ணெய்த் துணியோடும் தொடங்கி இரண்டு ஊரில் இரண்டு கடை கட்டினேன். படித்தவர்கள் எத்தனை பேர் என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள் என்பதை அடக்கம் கருதி இங்கே எழுதவில்லை.

மேல்மாடியைப் பின்னேரங்களில் பார்த்துக்கொள்வது முனவ்வறா. முல்லைத்தீவில் பிறந்து, தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, இப்போது பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகத்தில் கணினி படிக்கிறாள். வாப்பா சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். வயது இருபத்திரண்டு. வந்தவுடன் செருப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் போனால் கைகொடுக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் காலை வைத்துக்கொள்வாள்; சூடாக இருக்குமாம். பேனைகளோடு ஒரு திருப்புளி எப்போதும் கிடக்கும். தேநீர் வைத்தால் அதில் எறும்பு செத்து மிதக்கும்வரை தொடமாட்டாள். தொலைபேசி அடித்தால் எடுத்து "பிறகு" என்பாள், வைத்துவிடுவாள். யார் அழைத்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கணினிகளை வாங்கிய புதிதில், ஊரில் எல்லாரும் செய்வதுபோல, நூறு ரூபாய்க்கு விற்கிற திருட்டு மென்பொருள் சீடி ஒன்றை வாங்கி நாலிலும் போடச் சொன்னேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஏன் பிள்ளை, ஹறாமோ?"

"அது வாப்பா சொல்லுவார். நான் சொல்லுறது வேற. களவெடுக்கிறதெண்டா நல்ல சாமானையாவது களவெடுக்க வேணும், ஐயா."

பிறகு தன் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்துக் கடை மேசையில் போட்டாள். லினக்ஸ் சீடிகள்; யாரும் உள்ளே திறந்து பார்த்து மாற்றக்கூடிய இலவச மென்பொருளாம். ஒரு கடிதம் போட்டால் வெளிநாட்டிலிருந்து தபால் செலவுகூட இல்லாமல் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்களாம். நான் நம்பவில்லை. சும்மா தருகிறவனிடம் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று என் தொழில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஆனால் பெட்டி உண்மையில் வந்துகொண்டே இருந்தது. விசிறிப் பட்டி வாங்க வந்தவருக்கும் ஒரு சீடி, மின்கட்டண வசூலிப்பாளருக்கும் ஒரு சீடி என்று அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் ஓமந்தைப் பக்கம் போனபோது ஒரு வயலில் கிளிகளைத் துரத்த அந்த சீடிகளை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் நன்றாக மினுங்கின. அவளிடம் சொல்லிச் சிரித்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"பரவாயில்ல ஐயா. எந்த வேலைக்கும் பாவிக்கலாம் எண்டுதான் அதின்ர உரிமத்திலயே எழுதிக் கிடக்கு."

ஆரம்பத்தில் வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். திரையில் வழக்கமான நீல 'ஈ' எழுத்தைக் காணவில்லை, கடை பூட்டிவிட்டார்களோ என்று கேட்டார்கள். அவள் அசையவில்லை. பிறகு ஊரெல்லாம் கணினிகளுக்கு வைரசுக் காய்ச்சல் வந்து ஒவ்வொரு கடையாகப் படுத்தது. எங்கள் நாலும் எழும்பி நின்றன. மாடிப்படியில் வரிசை நின்றது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இது என் முடிவுதான் என்று எல்லாரிடமும் சொன்னேன். கடை என்னுடையது என்பதால் அதில் பொய் இல்லை.

அவளோடு நான் அதிகம் சண்டை பிடித்தது ஒரு விசயத்தில்தான். மென்பொருளுக்குள் எழுதியதை எல்லாருக்கும் திறந்து காட்டினால் எழுதினவன் எப்படிச் சாப்பிடுவான்? இதை ஒரு மழை நாளில் கேட்டேன். அவள் என்னிடமே திருப்பினாள்.

"பொருளாதாரத் தடைக்காலத்தில வன்னிக்குப் பெற்றோல் விடேல்லையே, என்ன செய்தனீங்கள்?"

இதை என்னிடம் கேட்கவேண்டியதில்லை. மாங்குளத்தில் முதன்முதல் மோட்டார்ச் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவன் நான். வேறு யாராவது உரிமை கொண்டாடினால் நம்பவேண்டாம். காபிரேற்றரைக் கழற்றி, இரண்டு துளி பெற்றோலில் இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற அந்த வேலையை நான் கண்டுபிடித்த விதத்தை அரைமணி நேரம் அவளுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"மூடியில பூட்டுப் போட்டு, கழற்றினா மறியலில போடுவம் எண்டு கொம்பனி சொல்லியிருந்தா?"

"அப்ப எல்லாரும் நடந்துதான் போயிருக்கோணும்."

"அந்த வித்தைய நீங்கள் ஒளிச்சு வச்சிருந்தனீங்களோ?"

"ஏன் ஒளிக்கிறன்? மல்லாவியிலயிருந்து புதுக்குடியிருப்பு வரைக்கும் என்னட்டத்தான் வந்து பழகினவங்கள்."

"பிறகு எப்பிடிச் சாப்பிட்டனீங்கள்?"

நாங்கள் நிற்கிற இரண்டு மாடிக் கடையை நான் விரலால் காட்டவேண்டியிருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், இந்தத் திறந்த மென்பொருள் வியாபாரத்தில் நான் தொண்ணூற்றொன்றிலேயே இறங்கியவன் என்று சொல்லி வருகிறேன்.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்து மூன்று வருடம் கழிந்து, ஆனி மாதம், என் மகள் கஜேந்தினிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு வவுனியா என்பதால் மண்டபமும் வவுனியாவில். மூத்தவன் நிரஞ்சன் கனடா போய்ப் பத்து வருடம். அங்கே தங்குகிற பத்திரம் இன்னும் சரிவரவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. என் மனைவி கமலாசனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சோடினை, ஊர்வலம் எல்லாம் உங்கட விருப்பம். தங்கச்சிக்குத் தாலி ஏறுறத அவன் பாக்க வேணும். அது மட்டும்தான்."

வீடியோக்காரர் ஒருவர் வந்தார். கனடாவில் நேரடியாகப் படம் ஓடும் என்றார். ஒத்திகை காட்டச் சொன்னேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அங்கேயும் ஒரு தனி மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிப் போடவேண்டும் என்று பிறகு சொன்னார்.

முனவ்வறா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "நிரஞ்சன் அண்ணை பாக்கப்போறது வேலைத்தலத்துக் கொம்பியூட்டரில. அதில கண்டதையும் போட விடுவாங்களோ? ஐயா, அசையிற படத்துக்கு எங்கட ரெலிபோன் லைன்ர வேகம் காணாது. பத்துச் செக்கனுக்கு ஒரு சின்னப் படம் அனுப்புவன். சாதாரண பக்கம். உலகத்தில எந்தப் பழைய கொம்பியூட்டரிலயும் திறக்கும்."

"பிறகென்ன, கலியாணமோ அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிறியளோ?" என்றார் வீடியோக்காரர்.

"உங்கட சுத்துற வட்டத்தவிட அடையாள அட்டை திறம்."

கஜேந்தினி அந்தப் பக்கத்தில் பூ உதிரவேண்டும், ஓரத்தில் ஒரு மணிக்கூடு ஓடவேண்டும் என்று ஆசைப்பட்டாள். முனவ்வறா இரண்டையும் மறுத்துவிட்டாள். வாசலில் சோடினை கூடினால் ஆட்கள் உள்ளே போகமுடியாது என்பது அவள் கட்சி. மணப்பெண் ஒரு பகல் முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

கலியாணத்தன்று கணினியை ஓட்டோவில் ஏற்றி வந்து, மணவறைக்குப் பக்கவாட்டில் மேசை போட்டு, மண்டபத்தின் தொலைபேசிக் கம்பியை இழுத்துக் கணினியில் பூட்டினாள். ஒரு சின்னக் கமராவைப் பிளாஸ்டிக் கதிரையின் முதுகில் கட்டினாள். திரையில் கறுப்பாக ஒரு சாளரம். உலகத்தில் எங்கிருந்து யார் படம் கேட்டாலும் அதில் ஒரு வரி விழும். இலண்டனில் என் தங்கை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்; அது ஒரு வரி. கொழும்பில் ஒருவர், அது ஒரு வரி.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து ஒன்பது நாற்பதுவரை. கூறைச்சேலை மாற்றிக் கஜேந்தினி வந்து இருந்தாள். ஐயர் என்னைப் பார்த்தார். அப்போது முனவ்வறா வெறுங்காலோடு வந்து என் காதில் சொன்னாள்: "ஐயா, நிரஞ்சன் அண்ணை இன்னும் வரேல்ல."

"லைன் பிழையோ?"

"பிழையில்ல. இலண்டனுக்குப் போகுது. உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு எனக்கு வடிவாத் தெரியும். அவர்தான் இல்ல."

கமலாசனிக்கு அது கேட்டுவிட்டது. வாழ்த்தித் தூவக் கையில் வைத்திருந்த அறுகரிசித் தட்டைக் கீழே வைத்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வீரபாகு கையில்தான் கைத்தொலைபேசி இருந்தது. கேட்காமலே பறித்து நிரஞ்சனுக்கு அடித்தேன். ரொறன்ரோவில் ரொட்டி, பாண் சுடுகிற ஒரு வெதுப்பகத்தில் இரவு வேலை என் மகனுக்கு. மூன்றாம் முறை அடிக்க எடுத்தான்.

"என்னப்பா, இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கே? பாணை இறக்கிப்போட்டு ஒப்பீசுக்குப் போறன்."

எனக்கு ஒரு நொடியில் விளங்கியது. அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியபோது, அதன் கைக்கு வெளியே இருந்த வன்னிக்குள் யாரும் தள்ளவில்லை. ஆகவே ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம், மாங்குளத்தில், பழைய நேரம்; இந்தப் பக்கம், வவுனியாவில், புது நேரம். நான் கிழமையில் இரண்டு தடவை மணிக்கூட்டைத் திருப்பிக்கொண்டு பயணம் செய்கிறவன். பழைய நேரம் இருந்த காலத்திலேயே கனடா போனவன் நிரஞ்சன். ஞாயிறுதோறும் மாங்குளத்துக்கு அதே நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் தொலைபேசி எடுப்பான்.

"எட மடையா! கலியாணம் மாங்குளத்திலயே? இது வவுனியா. புது நேரமடா!"

"ஐயோ அப்பா!" என்றது மட்டும் கேட்டது. பிறகு ஏதோ தட்டு விழுகிற சத்தம். இணைப்பு அறுந்தது.

முனவ்வறா தன் முக்காட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு மணிக்கூடு போட்டிருக்கலாம்," என்றாள் மெல்ல. "பொம்பிளை கேட்டவா. நான்தான் விடேல்ல." அவள் தன் கட்சியை விட்டுக்கொடுத்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீரபாகு கிட்ட வந்தார். "சம்பந்தி, என்ர போனில காசு போனது போகட்டும். கனடாவுக்காக நல்ல நேரத்தையும் விடுறதே?"

"நேரம் இன்னும் முடியேல்ல. ஷெல்லடிக்குள்ள நிண்டு பம்பு திருத்தினவன் நான். பொறுங்கோ."

"அது பம்பு. இது என்ர மருமகன்!"

ஐயர் நல்ல மனிதர். சொன்ன மந்திரத்தையே இன்னொரு தரம், கொஞ்சம் நீட்டிச் சொன்னார். தவில்காரர் குச்சியைத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்துத் திரும்ப மடியில் வைத்தார். கமலாசனி மணவறையைப் பார்க்கவில்லை. அந்தக் கறுப்புச் சாளரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியிருப்பது ஒன்றும் அவளுக்குப் புரியாது. இலண்டன் விழுந்தது. கொழும்பு விழுந்தது. மறுபடி இலண்டன். ஐயர் மந்திரத்தை இழுக்க இனி இடமில்லை என்பதுபோலக் கண்ணைத் திறந்தார்.

ஒரு புது வரி விழுந்தது.

முனவ்வறா மேசையில் குனிந்து பார்த்தாள். "கனடா," என்றாள். பிறகு மண்டபமே திரும்ப, "வந்திட்டார்! வந்திட்டார்! பழைய உலாவி, ஆனாத் திறந்திட்டுது!" என்று கையை உயர்த்திக் கத்தினாள். அவள் உயர்த்திய கையைத் தவில்காரர் என் சைகையாக எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது.

மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார். "அப்பிடியே நில்லுங்கோ! அசையாதேங்கோ! படம் போகேல்ல!" என்றாள் முனவ்வறா. பாவம் மாப்பிள்ளை, பெண்ணின் கழுத்தில் இரண்டு கையையும் வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. வீரபாகுவும் சிரித்தார். "போயிட்டுது. கட்டுங்கோ," என்று உத்தரவு வந்தது. மூன்று முடிச்சும் விழுந்தன. என் நெஞ்சில் விடியப்புறமிருந்து குந்தியிருந்த மூட்டை அப்போதுதான் இறங்கியது. அந்தச் சந்தோசத்தில் அறுகரிசியை ஐயரின் தலையில் போட்டுவிட்டேன்.

பந்தி தொடங்கியது. சனம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய்விட்டது. பொம்பிளையும் மாப்பிள்ளையும் போய்விட்டார்கள். மண்டபக்காரர் தொலைபேசிக் கம்பியைக் கழற்ற வந்து நின்றார். முனவ்வறா தரவில்லை.

"என்ன பிள்ளை, முடிஞ்சுதுதானே? வா, சாப்பிடு. எல்லாம் மரக்கறிதான்."

அவள் திரையைக் காட்டினாள். கனடா விழுந்தது. கொஞ்சம் பொறுக்க, மறுபடி கனடா. கமரா பார்த்துக்கொண்டிருந்தது வெறும் மணவறையையும் எரிகிற குத்துவிளக்கையும்தான்.

"அவர் இன்னும் போகேல்ல, ஐயா."

சொல்லிவிட்டுத் தன் கதிரையைக் காலால் தள்ளிக்கொண்டு போய், தூணில் சாய்ந்து நின்ற கமலாசனியைத் தோளில் பிடித்து அதில் இருத்தினாள். கமராவை அவிழ்த்து அவளுக்கு நேரே திருப்பினாள். கமலாசனியின் நெற்றியில் ஒட்டியிருந்த அரிசி மணியை விரல்நுனியால் தட்டிவிட்டு, படத்துக்குள் தன் நிழல் விழாதபடி இரண்டடி விலகி நின்றாள்.