பிள்ளைக்காம்பராவின் தாழ்ப்பாள்

“…அப்ப தாயும் மலைய விட்டு எறங்கக்கூடாது, புள்ளையும் போத்தல் பால் குடிக்காது, நீங்களே பாலு குடுக்குறீங்களா, கங்காணி?” என்று தோட்டத்து நர்ஸம்மா கேட்டது, இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பினைல் வாசம் மூக்கில் ஏறியதும் மறுபடி காதில் விழுந்தது. மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் எங்களை விட்டுச்செல்லும் அந்தப் பிள்ளைக்காம்பராவிலும் இதே வாசம்தான். வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அரைக்கதவும், ஈரச் சாக்கும், ஓயாமல் கிறீச்சிடும் தொட்டில்களும், கொழுந்தெடுக்கும் அம்மாவின் குரல் மலையிலிருந்து கேட்டும் போக வழியில்லாமல் கதவைச் சுரண்டிக்கொண்டு நின்ற பகல்களுமாக, அதற்குள்ளேதான் வளர்ந்தோம். அன்று என் கைக்குழந்தைத் தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான். கொழுந்து நிறுக்கும்வரை அம்மாவை விடமுடியாது என்று கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற கங்காணி சொன்னதற்குத்தான் நர்ஸம்மா அப்படிக் கேட்டார். நர்ஸம்மா தம்பியை வெள்ளைச் சேலை முந்தானையில் கட்டிக்கொண்டார். அரைக்கதவுக்கு மேலாகக் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தானே திறந்து, மலையேறத் தொடங்கினார்.