கண்ணாடிப் பெட்டிக்குக் காவல்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். விசுவாசக் காரியத்தையும் சினிமாக் கதையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கலக்குகிறாளே என்று சபையில் யாராவது சொல்வார்களோ என்று ஒரு பயம். பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவதை யார் வாசிப்பார்கள் என்று ஒரு கூச்சம். போன மாதம் சித்தப்பாவிடமே கேட்டேன். "எழுது மக்கா. எனக்கு வாசிச்சுக் காட்டண்டாம், அவ்வளவுதான்" என்றார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பாறசாலையிலிருந்து செங்கலுக்குப் போகும் வழியில், எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். சித்தப்பா மஸ்கட்டில் வேலையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை டி.வி. பார்ப்பது பாவம் என்பது அப்பாவின் சட்டம். மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தச் சட்டம் செல்லாது. ஆராதனை முடிந்து சோறு தின்றதும் நான் அங்கே ஓடிவிடுவேன்.

அப்படி ஒரு ஞாயிறு பார்த்ததுதான் அந்தப் படம். வெள்ளைக்காரர்கள் தமிழில் பேசிக்கொண்டு, வானத்தில் ஒரு கப்பலில் வேறொரு உலகத்துக்குப் போகிறார்கள். ஒரு ஆயுசில் போய்ச் சேர முடியாத தூரம். அதனால் ஒவ்வொருவரும் கண்ணாடி மூடி போட்ட குளிர்ந்த பெட்டிக்குள் படுத்து உறங்குகிறார்கள். அங்கே சேர்ந்ததும் கேப்டன் வந்து மூடிகளைத் திறக்க, எல்லாரும் கண் விழிக்கிறார்கள். ஒருவன் மட்டும் விழிக்கவில்லை. வழியிலேயே அவன் பெட்டியின் வயர் கழன்று, விளக்கு அணைந்துவிட்டது. விளம்பரம் முடிந்து படம் திரும்ப வந்தபோது உள்ளே எலும்புதான் கிடந்தது. நான் சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"எட்டி, பேடிக்காத. மத்தவிய எல்லாம் எழும்பியாச்சில்லா" என்று சித்தி சிரித்தாள்.

வைகாசிப் பாதியில் வரும் இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில் சித்திக்கு எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் வந்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தாள். வியாழக்கிழமை காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவுக்குச் சனிக்கிழமைதான் விமானம். ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வேறொரு வண்டியில் ஒரு பெட்டி வந்தது.

வெளிநாட்டில் இருக்கிறவர் வந்து முகம் பார்க்கும்வரை உடலை வைத்திருக்க வாடகைக்கு எடுக்கும் குளிர்பெட்டி அது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. வயது ஒன்பது. நான் பார்த்தது கண்ணாடி மூடியை, மெல்லிய இரைச்சலை, சுவரில் சொருகிய வயரை, ஓரத்தில் எரிந்த சிவப்பு விளக்கை. உள்ளே கல்யாணப் பட்டோடு கண் மூடிக் கிடந்தாள் சித்தி.

ஊரே அழுதது. நான் அழவில்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். பெட்டி கொண்டுவந்தவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணா, இந்த லைட்டு என்னத்துக்கு?"

"கறண்டு உண்டுண்ணு காட்டுகதாக்கும் பிள்ளே. அது அணைஞ்சாத்தான் பேடிக்கணும்."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு நான் பிளக்கின் பக்கத்தைவிட்டு நகரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் தட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். கூடத்தில் நடக்கிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் கால் வயரில் தட்டுமோ என்று அதைச் சுவரோரம் ஒதுக்கிக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் புழுக்கம். பாட்டுப் பாட வந்தவர்களுக்குக் காற்று வேண்டுமென்று மாமா ஒரு ஃபேனைத் தூக்கி வந்து, கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று பெட்டியின் பிளக்கில் கை வைத்தார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன்.

"எட்டி, நீ என்ன பட்டியா?" எங்கள் பக்கத்தில் பட்டி என்றால் நாய்.

"விடு அண்ணா. சித்தி மேல அவளுக்கு அம்புட்டுப் பாசம்" என்றாள் அம்மா.

"பாசம் உண்டெங்கி பாசமுள்ள ஆளையில்லா கடிக்கணும். நான் என்ன செய்தேன்?"

ஃபேன் அடுத்த அறைக்குப் போயிற்று. மூன்று மணிக்கு மழை இடித்துக்கொண்டு இறங்கியது. கரண்டு போயிற்று. சிவப்பு விளக்கு அணைந்தது.

திறக்காமல் இருந்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும் என்று யாரோ சொன்னதாகப் பிறகு அறிந்தேன். அப்போது என் காதில் ஒன்றும் ஏறவில்லை. படத்தில் எலும்பாவதற்கு ஒரு விளம்பர நேரம்தான் ஆகியிருந்தது. மழையில் ஆலயத்துக்கு ஓடினேன். கன்வென்ஷன் கூட்டத்துக்கும் கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் எடுக்கிற ஜெனரேட்டர் அங்கே உண்டு. உபதேசியார் வாசலில் நின்று மழை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெனரேட்டர் வேணும். இப்பமே வேணும்."

"ஆரு பறஞ்சு விட்டா?"

"அப்பா" என்றேன். கர்த்தருடைய வாசலில் நின்று சொன்ன பொய்.

ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து ஓடவிட்டதும் விளக்கு எரிந்தது. கண்ணாடி முழுக்க மூடுபனி. உடுப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பனி உள்பக்கம் இருந்தது. அது தெளிந்து சித்தியின் மூக்கு தெரியும்வரை நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியப் பாடவேண்டியிருந்தும் பெண்கள் என்னைப் பாராட்டினார்கள். "இத்திரி பிள்ளைக்கு உள்ள வெவரம் நமக்கு இல்லியே. மாப்பிள்ள வாற வரைக்கும் முகம் கெடப்படாதுண்ணு நெனச்சிருக்கு." தான் சொல்லியனுப்பவில்லை என்று தெரிந்தும் அப்பா டீசல் ஊற்றினார்.

சனிக்கிழமை பத்து மணிக்குச் சித்தப்பா வந்தார். பெட்டியின் முன் நின்றார். போதகர் ஜெபம் பண்ணியபோது எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவர் உதடு அசையவில்லை. பிறகு மரப்பெட்டி வந்தது. பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள். நான் அதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மாமா கிட்டே வரவில்லை, அவருக்கு அனுபவம் இருந்தது.

சித்தப்பாதான் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "என்ன மக்கா?"

அவர் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், கேப்டன், கழன்ற வயர், எலும்பு. அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.

"எழும்பும்ப நம்மள அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும். மொதல்ல கொஞ்சம் தலசுத்து இருக்கும். பின்ன ஒவ்வொருத்தரையா பேரு சொல்லி விளிப்பாவ."

"ஒறப்பா?"

"ஒறப்பு."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இனி கறண்டு வேண்டாம் மக்கா. நீ கைய எடு, நான் பிளக்க ஊருதேன்." கேப்டன் வந்துவிட்டார், இனித் திறக்கலாம் என்று நினைத்து நான் கையை எடுத்தேன்.

சித்தி கண் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் விழுந்தபோதுதான் நான் அழுதேன். சித்தப்பா என்னை ஏமாற்றிவிட்டார் என்று அடுத்த லீவில் அவர் கொண்டுவந்த மிட்டாயைக்கூட வாங்கவில்லை.

இப்போது எனக்கு இரண்டு பிள்ளைகள். போய்ச் சேருமிடத்தில் கண் விழிக்க வேண்டும் என்ற ஆசை சினிமாக்காரர்களுக்கும் உண்டு என்று அவர்களிடம் சொல்வேன். ஆனால் சினிமாக்காரர்கள் கையில் இருப்பது வயர்தான். வயர் கழன்றால் நம்பிக்கையும் கழன்றுவிடும். மண்ணுக்குள் கரண்டு இல்லை. அங்கேயும் எட்டுகிற ஒரு குரல் உண்டு என்று நாம் விசுவாசிக்கிறோம்.

அன்று எனக்குப் புரியாதது வேறு. சித்தப்பா என்னிடம் சினிமாக் கதை கேட்கவில்லை. சின்ன வயது முதல் ஞாயிறுதோறும் ஆமென் சொன்ன ஒன்றை, மரித்தவர்கள் எழும்புவார்கள் என்பதை, அன்றைக்கு அவரால் சொல்ல முடியவில்லை. அதை யாராவது ஒருவர் சந்தேகமில்லாமல் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அப்படிச் சொல்ல ஒரு ஆள்தான் இருந்தது, அதுவும் தப்பான காரணத்தோடு.

இதை வாசிக்கிறவர்கள் துக்க வீட்டில் யாருக்காவது சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். சித்தியின் விரல் அசைந்தது, முகம் பிரகாசித்தது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். விரல் அசையவில்லை. அசையாத விரலைப் பார்த்துக்கொண்டேதான் சித்தப்பா பிளக்கைப் பிடுங்கினார்.