குலுங்காத சைக்கிள்

என் வீட்டு வாசலிலிருந்து பாசனச் சானல் கரை வழியாக மடை வரை போய்த் திரும்பினால் பதினான்கு கிலோமீட்டர். போகவர நூற்றுப் பதினொரு குழிகள். ஐப்பசி மழைக்குப் பிறகு நூற்று முப்பதைத் தாண்டும். நில அளவையில் முப்பத்து மூன்று வருடம் சங்கிலி பிடித்தவன் நான். எண்ணாமல் ஒரு வழியைக் கடக்க எனக்குத் தெரியாது.

2012ஆம் வருடம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே தேய்ந்திருக்கிறது, சைக்கிளை விட்டுவிடுங்கள் என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்து, "குலுங்காத சைக்கிள்னு ஒண்ணு இருந்தா ஓட்டிக்கிடுங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்றுதான் யோசித்தேன்.

வீட்டில் என் மனைவி வேறொரு கணக்கு வைத்திருந்தாள். நாற்பது வருடம் என்னோடு இருந்ததில் எண்ணும் பழக்கம் அவளுக்கும் தொற்றிவிட்டது. காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொல்வாள்: "இன்னைக்குக் கட்டில்லருந்து எழும்பி வாறதுக்குள்ள எட்டு தடவ அம்மேன்னு விளிச்சிய. நேத்து ஏழு. இனி அந்தச் சைக்கிள்ல ஏறுனா நான் எனக்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

அதற்குப் பிறகு நான் சைக்கிளில் போகாத பன்னிரண்டு நாட்களும் எட்டுக்குக் குறையவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நான்கு மணி நேரம் உட்கார்ந்ததில், முன்னாலும் பின்னாலும் அமுங்கி எழும் மலைச் சைக்கிள் என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரிந்தது. முன்பக்கம் இரண்டு குழாய்களும், சீட்டுக்கு அடியில் காற்று அடைத்த ஒரு சிறு உருளையும் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன. சக்கரம் குழியில் இறங்கும், உட்கார்ந்திருப்பவன் இறங்கமாட்டான். பழையதாக வாங்கினால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பதினாறு குறிப்புகள் எழுதிக்கொண்டேன். நாகர்கோவில் கடைகளில் முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் வைத்ததுதான் கிடைத்தது. என் பழைய சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர்தான், புதுக்கடை ஊருக்கு மேற்கே கடற்கரையில் ஒருத்தர் கல்ஃபிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்து விற்கப் பார்க்கிறார் என்று சொன்னார்.

இரண்டு பஸ் மாறிப் போனேன். பையில் இரும்பு ஸ்கேல், பூதக்கண்ணாடி, முகப்பவுடர் டப்பா, வெள்ளைக் காகிதம், பென்சில், துணி, குறிப்பு நோட்டு. மொத்தம் ஏழு சாமான்.

சைக்கிள்காரருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல ஆகிருதி. முற்றத்தில் மாதா படத்துக்குக் கீழே சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார். நான் முதலில் சங்கிலியில் ஸ்கேலை வைத்தேன். இருபத்து நான்கு கண்ணிக்குப் பன்னிரண்டு அங்குலம் இருக்க வேண்டும். இருந்தது, ஒரு நூல்கூட இழுபடவில்லை. பிறகு பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பென்சிலை விளிம்புக்குப் பக்கத்தில் பிடித்து, எங்காவது உரசுகிறதா என்று பார்த்தேன். சட்டத்தில் பற்றவைத்த இடங்களில் பவுடரைப் பூசித் துடைத்தேன். விரிசல் இருந்தால் பவுடர் அதில் தங்கி வெள்ளைக்கோடாகக் காட்டிவிடும். பதினோரு இடம், கோடு இல்லை.

"சாரே, சைக்கிளுக்குக் கல்யாணமா, பவுடரெல்லாம் போடுதிய?" என்றார் அவர்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னப் பாக்க வந்தப்ப இவரு மிச்சரு தட்ட மட்டுந்தான் பாத்தாரு. சாரக் கண்டு படிக்கணும்."

"அதுக்குத்தான் இப்பம் அனுபவிக்கேன்" என்றார் அவர்.

சிரித்துக்கொண்டே சீட்டுக்கு அடியில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உருளைக்குள் போய்வரும் பளபளப்பான தண்டைச் சுற்றி, பழுப்பு நிறத்தில் எண்ணெய் வளையம். என் நோட்டில் மூன்றாவது குறிப்பு, இரண்டு முறை அடிக்கோடிட்டது: தண்டில் எண்ணெய் கசிந்தால் உருளை போயிற்று. அதை மாற்ற இந்த மாவட்டத்தில் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. உருளை போனால் இதுவும் குலுங்குகிற சைக்கிள்தான்.

"இது என்ன எண்ணெய்?"

"சுறா எண்ணெய் சாரே. எனக்க அப்பன் வள்ளத்துக்குப் பூசுவாரு. உப்புக் காத்துக்கு இதவிட வேற மருந்து கெடையாது. மாசத்துல ரெண்டு மட்டம் எல்லா மூட்டுக்கும் விடுவேன்."

மலையில் ஓட்டுவதற்கென்று யாரோ செய்த இயந்திரத்துக்கு வள்ளத்தின் வைத்தியம். நம்பலாம் போலத்தான் இருந்தது, ஒரு போல்ட்டில்கூடத் துரு இல்லை. ஆனால் சுறா எண்ணெய்க்கு அடியில் உருளையின் சொந்த எண்ணெயும் கசிந்து கலந்திருந்தால்? முகர்ந்து பார்த்தேன். அந்தக் கரையில் எல்லாமே மீன் வாசம். இதைத் தனியே பிரிக்க என் மூக்கால் முடியவில்லை.

என் தவிப்பைப் பார்த்த அந்தப் பெண், கையைக் கழுவிவிட்டு எழுந்து போய் ஒரு செவலைப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மெசின் எண்ணெய இது மோந்துகூடப் பாக்காது. விட்டுப் பாருங்க."

பூனை நேராக உருளைக்குப் போனது. நக்கியது. நான் எண்ணினேன், இருபத்தேழு தடவை. பிறகு மூட்டு மூட்டாகப் போனது. மாதத்தில் இரண்டு தடவை சைக்கிளுக்கு எண்ணெய் விடும் நாள் அதற்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"இப்பம் விசுவாசம் வந்தா?" என்றார் அவர்.

முக்கால் பங்கு வந்தது. மேலே இருப்பது சுறா எண்ணெய் என்று பூனை சாட்சி சொல்லிவிட்டது. அடியில் வேறு ஒன்று கலந்திருக்கிறதா என்பதைப் பூனை எப்படிச் சொல்லும்? இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "எங்க கரையில வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குறவன் மூணு தடவ கடலுக்குக் கொண்டுபோய்ப் பாத்துட்டுதான் முடிவு சொல்லுவான். நீங்களும் மூணு கடலு ஓட்டிப் பாருங்க சாரே. பிடிக்கலன்னா ஆளனுப்புங்க."

மறுநாள் காலையில் மீன் டெம்போவில் சைக்கிள் வந்து இறங்கியது. கூடவே உருளைக்குக் காற்றடிக்க ஒரு சிறு பம்பும் கொடுத்தனுப்பியிருந்தார். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது சைக்கிளா, சாளக் கூடையா?" என்றாள்.

அன்று தண்டைத் துடைத்துவிட்டு மடைக்குப் போய்வந்தேன். முதல் குழியிலேயே தெரிந்தது, ஏதோ சரியில்லை. பழைய சைக்கிளைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். திரும்பி வந்து தண்டில் காகிதத்தை ஒற்றியெடுத்தேன். பழுப்புக் கறை.

மறுநாள் காலையில் மனைவி சொன்னாள்: "ஏழு."

நோட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஒன்பதாவது குறிப்பில் கண் நின்றது. ஏறி உட்கார்ந்தால் பின் உருளை தன் மொத்த ஓட்டத்தில் கால்வாசி அமுங்க வேண்டும். எண்ணெய்க் கவலையில் அதை மறந்தே போயிருந்தேன். எவ்வளவு அமுங்கியது என்று காட்டத் தண்டில் இருந்த ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்து ஏறி உட்கார்ந்து இறங்கினேன். வளையம் நகர்ந்தது ஏழு மில்லிமீட்டர். நகர வேண்டியது பன்னிரண்டு, பதிமூன்று. அப்போதுதான் அவருடைய ஆகிருதி நினைவுக்கு வந்தது. அவர் தன் எடைக்கு அடைத்த காற்றின்மேல் அறுபத்தொரு கிலோ நான் உட்கார்ந்தால் அது ஏன் அமுங்கப் போகிறது? வால்வை அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, ஏறுவதும் இறங்குவதும் அளப்பதுமாக ஒன்பது தடவை. பதிமூன்றில் நிறுத்தினேன். தண்டை மறுபடி துடைத்துவிட்டு, உருளைக்கு மேலே இருந்த மூட்டுகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவைத்தேன். அங்கிருந்து எண்ணெய் வடிந்து தண்டுக்கு வந்திருந்தால், இனி வரக் கூடாது.

இரண்டாம் நாள் காகிதம் வெள்ளையாகவே இருந்தது. மறுநாள் காலை மனைவியின் எண்ணிக்கை ஐந்து. மூன்றாம் நாளும் வெள்ளை. அன்று மடைக்குப் போகும் வழியில் குழிகளை எண்ணும்போது முப்பத்து நான்குக்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. குழிகள் அங்கேதான் இருந்தன. எனக்குத்தான் தெரியவில்லை. சானலில் ஒரு நீர்க்காகம் முங்கி எழுவதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் அந்த வழியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஓட்டியதாக ஞாபகமில்லை.

நாலாம் நாள் காலை காப்பியை வைத்துவிட்டு மனைவி எண்ணிக்கை சொல்லாமல் திரும்பப் பார்த்தாள்.

"எத்தனை?" என்றேன்.

"எட்டுன்னு கள்ளக் கணக்கு சொல்லலாம்னுதான் நெனச்சேன்."

"எத்தனை?"

"மூணு" என்றாள். "ராத்திரி சைக்கிள்ல இருந்து விழுந்து கெடக்கியன்னு சொப்பனம் கண்டேன். அத யாரு எண்ணுவா?"

மழைநாளில் சானல் கரைக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். "எழுதி வையுங்க" என்றாள். நோட்டில் பதினேழாவது குறிப்பாக எழுதி அவளிடம் காட்டினேன். இன்னொன்றையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மூன்றில் ஒன்று இடுப்புக்காக அல்ல. எழுந்து வராந்தாவுக்கு வந்தபோது, யார் வீட்டுப் பூனையோ, நான் துடைக்காமல் விட்ட சைக்கிளின் கீழ் மூட்டில் எண்ணெயை நக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் அம்மே என்றேன்.

"அப்ப ரெண்டுன்னு வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போன் செய்தேன்.

"மூணு கடலும் முடிஞ்சா சாரே?" என்றார் அவர்.

முடிந்தது, சைக்கிள் இங்கேயே இருக்கட்டும் என்றேன். பிறகு, மண்ணெண்ணெயால் துடைத்த மூட்டுகளில் ஒன்று காலையிலிருந்து லேசாகக் கிறீச்சிடுகிறது என்றும், அடுத்த டெம்போவில் ஒரு குப்பி சுறா எண்ணெய் கொடுத்துவிட முடியுமா என்றும் கேட்டேன்.