அரைநூலின் கார் ஷெட்

அன்று கார் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கியது அரைநூலின் மனைவி. மச்சினனை அழைத்துக்கொண்டு அவர் பழைய பலகை வாங்கப் போயிருந்தார். மரத்தூளை முறத்தில் அள்ளிக் கொட்டினாள், ஒட்டடை அடித்தாள். கை ஓடிய வேகத்தில், சுவரில் தொங்கிய கருவிகளையும் இறக்கித் துடைத்து, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக மாட்டிவிட்டாள். அவள் தையல்காரி. நூல்கண்டைக்கூட நிறம் பிரித்து அடுக்குகிறவள். ரம்பத்துக்குப் பக்கத்தில் திருப்புளி, அதற்கடுத்து மூலை சரிபார்க்கும் மூலைமட்டம் என்று கன்னாபின்னாவென்று தொங்கியது ரொம்ப நாளாக அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

கார் ஷெட் என்று பெயர்தானே தவிர, இவர்கள் குடிவந்த பிறகு அதற்குள் ஒரு சைக்கிள்கூட நின்றதில்லை. கட்டை, உடைந்த நாற்காலி, அறுந்த கொடிக்கயிறு, இவைதான் கிடந்தன.

அரைநூல் என்பது தச்சுப் பட்டறையில் அவருக்கு வைத்த பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மற்ற தச்சர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் மட்டும் கதவை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "அரை நூல் கூடுதுப்பா" என்பார். டேப் வைத்துப் பார்த்தால் கூடத்தான் செய்யும். இவர் கல்யாணத்தில் ஜோடியைச் சேர்த்து நிறுத்திப் பார்த்த பட்டறைக்காரர்கள், "பொண்ணு அரை நூல் கூடுதேப்பா!" என்று சிரித்தார்கள். அவள் கொஞ்சம் உயரம்தான்.

அப்படிப்பட்டவர் சில மாதங்களுக்கு முன் ஒருநாள் வேலை முடியும் முன்பே வீட்டுக்கு வந்து, "இனிமே அடுத்தவங்கிட்ட கைகட்டி நிக்க மாட்டேன். ஷெட்டைச் சரிபண்ணி சொந்தமா செய்யப்போறேன்" என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. தன் மோட்டார் தையல் மெஷினை விற்று, அவருக்கு ஒரு பழைய ரம்ப மெஷின் வாங்கிக் கொடுத்தாள். மேஜைக்கு மேலே பல் காட்டிக்கொண்டு நிற்கிற வட்ட ரம்பம். அதன் மேல்மூடி இல்லை. "மூடியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவள் மறுபடியும் கால்மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

மற்றதெல்லாம் கையில் கிடைத்ததை வைத்துத்தான். கழற்றிப் போட்ட கதவு ஒன்று வேலைமேஜை ஆனது. வீட்டு மர பீரோவின் தட்டுகள் சுவருக்குப் போயின. மடித்த துணிகள் கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிக்குப் போயின. தகரக் கூரையின் ஓட்டைகளுக்குத் தார் பூசினார்கள். காசு இல்லாத நேரத்திலும் ஒன்றுக்கு மட்டும் அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு லைட்டு இருந்த இடத்தில் நாலு மாட்டினார்.

"என்னங்க, இங்க சினிமா ஷூட்டிங்கா?"

"தச்சு வேலைக்கு வெளிச்சம் வேணும்மா."

வேலை தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

பலகையோடு இருவரும் திரும்பினார்கள். முதல் ஆர்டர், தெருமுனைக் கடைக்கு ஓர் அலமாரி. பலகையை மேஜையில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சுவருக்குக் கை நீட்டினார். மூலைமட்டம் இருந்த ஆணியில் இப்போது உளி தொங்கியது. உள்ளங்கை கிழிந்தது.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான். தொடச்சு மாட்டினேன். ஐயோ, ரத்தம்! மொதல்ல கையக் கட்டுங்க."

"மூலைமட்டம் எங்க?"

"அதோ, உங்க மூஞ்சிக்கு நேராத்தானே தொங்குது."

நாலு லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவர் சுவரைத் தடவினார். கை சுத்தியலைத் தொட்டது, ரம்பத்தைத் தொட்டது, மூலைமட்டத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. சுவர்ச் சுண்ணாம்பில் வரிசையாக ரத்தம்.

"என்ன மாமா, கண்ணாமூச்சி ஆடுறீங்க?" என்று சிரித்த மச்சினன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

அவள் முந்தானையைக் கிழித்து அந்தக் கையில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே கேட்டாள்: "பட்டறைய நீங்க விட்டீங்களா, பட்டறை உங்கள விட்டுச்சா?"

"ஒரு கதவு ரெண்டு அங்குலம் கொறஞ்சிடுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு ஜன்னல்."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். நேரா பாக்கறதுதான் அழிஞ்சிபோச்சாம். ஓரத்துல தெரியும். போனது வராதுன்னுட்டாரு."

"யார்கூடப் போனீங்க?"

"தனியாத்தான்."

"பஸ் நம்பர எப்படிப் படிச்சீங்க?"

"பக்கத்துல நின்னவங்களக் கேட்டேன்."

முடிச்சுப் போட்டாள். அவர் கையை உருவிக்கொண்டு, பலகையை மெஷின் பக்கம் தள்ளினார். "கண்ணு எதுக்கு? கைக்குத் தெரியும். பொருள் மட்டும் இடம் மாறாம இருந்தா போதும். பழையபடி மாட்டிடு. மாப்ள, மெஷினப் போடு."

மச்சினன் ஸ்விட்ச் பக்கத்திலேயே நின்றான். போடவில்லை.

"போடச் சொன்னேன்ல?"

"மாமா, என் கை ஈரமா இருக்கு..." என்று இழுத்தான்.

அவள் வாசலோரமிருந்த பெட்டியைத் திறந்து ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினாள். செலவுக்கு அஞ்சி, லைட்டுக்கும் மெஷினுக்கும் சேர்த்து ஒரே கட்டைதான் போட்டிருந்தார்கள். ஷெட் சாம்பல் நிறமானது. வாசல் பக்கமிருந்து வந்த பகல் வெளிச்சம் பாதித் தரைக்கு மேல் வரவில்லை.

அவர் வாசலைப் பார்த்துத் திரும்பினார். அவளை நேராகப் பார்க்காமல், ஒரு கை தள்ளி, கதவுச் சட்டத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால்தான் அவள் தெரிகிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. எத்தனை நாளாக இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறார். ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"கட்டையக் குடும்மா."

அவள் கொடுக்கவில்லை.

"உன் மெஷின வித்து வாங்கினதுதானே இது? சும்மா நிக்கவா வாங்கின?" குரல் இறங்கியது. "அப்ப நான் இனிமே என்னதான் பண்றது? நீயே சொல்லு."

ப்யூஸ் கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வெளியே போனாள்.